ஜெர்மனிக்கு வேலைக்கு கிளம்புறீங்களா? முதல்ல பேரு, அப்புறம் அட்ரஸ், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி

2025 மார்ச்ல கோயம்புத்தூர்ல இருந்து ஸ்டுட்கார்ட் வந்தேன், மெக்கானிக்கல் டிசைன் வேலை, புளூ கார்டு (டிகிரி படிச்சு வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கிற குடியிருப்பு அனுமதி). ஆகஸ்ட்ல மனைவியும் பொண்ணும் வந்தாங்க. ஆஃபர் கையில வாங்குனதுல இருந்து குடும்பம் வந்து செட்டில் ஆகுற வரைக்கும் நான் பட்ட பாட்டை நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதைத்தான் இங்க வரிசையா போடுறேன். நான் தொலைச்ச காசையும் நாளையும் பாத்தா முக்கால்வாசி ரெண்டே விஷயத்துல போயிருக்கு, ஒண்ணு பேரு, இன்னொண்ணு அட்ரஸ். நம்ம ஊர்ல பேரு முன்னப்பின்ன இருந்தாலும் "தெரிஞ்சவர்தானே"ன்னு வேலை ஓடிரும், தபால்காரர் வீட்டைத் தேடி வந்து குடுத்துருவாரு. இங்க அது ரெண்டும் நடக்காது.

இது கம்பெனி ஆஃபரோட நேரா வர்றவங்களுக்கு எழுதுனது. படிக்க வர்றவங்களுக்கு ஏபிஎஸ் சர்டிபிகேட் (படிப்புச் சான்றிதழைச் சரிபாத்துக் குடுக்கிறது), வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டு வைக்கிற பிளாக்ட் அக்கவுண்ட்னு வேற வழி, அதுக்குள்ள நான் போகல.

1. பாஸ்போர்ட்ல பேரைப் பாருங்க, இன்னைக்கே

இனிஷியல் வச்சுக்கிற நமக்குன்னே வந்த தலைவலி இது. பாஸ்போர்ட்ல இனிஷியல் போட முடியாது, அப்பா பேரை முழுசா விரிக்கணும். அதை எங்க போட்டிருக்கீங்கன்றதுலதான் எல்லாம் இருக்கு. சில பேருக்கு முழுப் பேரும் கிவன் நேம்லயே இருக்கும், சர்நேம் காலியா இருக்கும். இங்க எந்த ஃபார்ம் எடுத்தாலும் குடும்பப் பேரு கட்டாயம், காலியா விட்டா ஆன்லைன்ல அடுத்த பக்கமே போகாது, அப்புறம் ஒரு ஆபீஸ்ல ஒரு மாதிரியும் இன்னொரு ஆபீஸ்ல வேற மாதிரியும் பதிவாகும். அப்படி இருந்தா விசாவுக்குப் போறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ போட்டு பேரைப் பிரிச்சு வாங்கிருங்க. 36 பக்க பாஸ்போர்ட் 1,500 ரூபா, தட்கல்னா அதுக்கு மேல 2,000. விசா அப்ளை பண்ணதுக்கு அப்புறம் மாத்துனீங்கன்னா பாஸ்போர்ட் நம்பர் மாறிரும், எல்லாத்தையும் திரும்ப முதல்ல இருந்து.

எனக்கு சர்நேம்ல அப்பா பேரு முருகேசன். அதனால ஆபீஸ்ல நான் "ஹெர் முருகேசன்" (ஹெர்னா மிஸ்டர்), முதல் ஒரு மாசம் அப்பா பின்னாடி வந்து நிக்கிறாரோன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். மனைவி பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது, அதுல அவங்கப்பா பேரு. பொண்ணு பாஸ்போர்ட்ல சர்நேம் என் பேரு. ஆக ஒரே வீட்டுல மூணு பேரு, மூணு குடும்பப் பேரு. சட்டப்படி தப்பே இல்ல, ஆனா பின்னாடி தபால் பெட்டி விஷயத்துல இது என்ன பாடுபடுத்துச்சுன்னு சொல்றேன்.

பத்தாவது மார்க் ஷீட்லயும் டிகிரிலயும் இனிஷியலோட இருக்கும், பாஸ்போர்ட்ல விரிஞ்சு இருக்கும். "ரெண்டும் ஒரே ஆள்தான்"னு நோட்டரி கிட்ட ஆங்கிலத்துல ஒரு அஃபிடவிட் வாங்கி வச்சுக்குங்க, சில நூறு ரூபா. என்கிட்ட விசாவுக்கு யாரும் கேக்கல, ஆனா இங்க ஒரு இடத்துல கேட்டாங்க, அன்னைக்கு அது பையில இல்லாம இருந்திருந்தா இன்னொரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு அலைஞ்சிருப்பேன்.

2. டிகிரி செல்லுமான்னு அனாபின்ல பாருங்க

அனாபின்னு ஒரு டேட்டாபேஸ், ஃப்ரீ, முழுக்க ஜெர்மன்ல இருக்கும், பிரவுசர்லயே மொழிபெயர்த்துப் பாத்துக்கலாம். ரெண்டு விஷயம் பாக்கணும். உங்க யுனிவர்சிட்டிக்கு ஹெச் ப்ளஸ் (அங்கீகாரம் உண்டுன்ற குறி) இருக்கா, உங்க டிகிரி ஜெர்மன் டிகிரிக்கு சமம்னு போட்டிருக்கா. ரெண்டையும் பிரிண்ட் எடுத்து விசா ஃபைல்ல வைக்கணும்.

இதுல ஒரு குழி இருக்கு. தேட வேண்டியது காலேஜ் பேரை இல்ல, டிகிரி சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்ட யுனிவர்சிட்டி பேரை. அண்ணா யுனிவர்சிட்டி 2007-க்கு அப்புறம் கொஞ்ச வருஷம் கோயம்புத்தூர், திருச்சின்னு தனித்தனி யுனிவர்சிட்டியா இருந்து 2012-ல திரும்ப ஒண்ணாச்சு. அந்த சமயத்துல முடிச்சவங்க சர்டிபிகேட்ல என்ன பேரு அச்சாகியிருக்குன்னு எடுத்துப் பாருங்க, சென்னை அண்ணா யுனிவர்சிட்டி பக்கத்தை பிரிண்ட் எடுத்துட்டுப் போனா பேரு ஒத்துப்போகாது.

லிஸ்ட்ல இல்லைன்னா ஸெட்ஏபின்ற ஆபீஸ்ல உங்க டிகிரியை மதிப்பிட்டு ஒரு பேப்பர் வாங்கணும், 208 யூரோ. சாதாரணமா மாசக்கணக்குல ஆகும், புளூ கார்டுக்குன்னு வேலை கான்ட்ராக்டோட போட்டா முன்னாடி எடுத்துப் பாப்பாங்க. புரொவிஷனல் சர்டிபிகேட் மட்டும் வச்சிருக்கிறவங்க முதல்ல கான்வொகேஷன் சர்டிபிகேட்டை வாங்குற வழியைப் பாருங்க, அதுக்கே சில பேருக்கு ரெண்டு மாசம் இழுக்குது.

3. ஆஃபர்ல சம்பளத்தைப் பத்து யூரோ வரைக்கும் கணக்குப் பாருங்க

புளூ கார்டுக்குக் குறைஞ்சபட்ச சம்பளம் ஒவ்வொரு ஜனவரியும் மாறும். 2025-ல வருஷத்துக்கு 48,300 யூரோ, 2026-ல 50,700. இன்ஜினியரிங், ஐடி, டாக்டர் மாதிரி ஆள் பத்தாத துறைக்கும், படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆகாதவங்களுக்கும் கம்மி, 2025-ல 43,759.80, 2026-ல 45,934.20. அந்தப் பைசாவும் சேத்துதான் கணக்கு.

எனக்கு முதல்ல வந்த ஆஃபர் 43,500. சந்தோஷத்துல கையெழுத்துப் போடப் போனேன், கூட வேலை பாத்த ஒருத்தர்தான் "டேய் 260 யூரோ குறையுதுடா"ன்னு சொன்னாரு. ஹெச்ஆருக்கு மெயில் போட்டேன், அடுத்த நாளே 44,000-னு மாத்தி அனுப்பிட்டாங்க. அவங்களுக்கு அது பெரிய விஷயமே இல்ல, நமக்கு விசாவே அதுலதான் தொங்குது. டிசம்பர்ல ஆஃபர் வாங்கி ஜனவரில அப்ளை பண்றவங்க இன்னும் கவனமா இருங்க, புது வருஷக் கணக்குக்கு நீங்க கீழ போயிருப்பீங்க.

கைக்கு எவ்வளவு வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்குங்க. 44,000-ன்னா மாசம் 3,667, தனி ஆளா இருந்தப்ப எனக்கு வரி, இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் போக 2,400 சுத்தி வந்துச்சு. குடும்பம் வந்து வரி வகுப்பு மூணுக்கு (மனைவிக்குச் சம்பளம் இல்லாதப்ப வரி கம்மியா பிடிக்கிற வகுப்பு) மாத்துனதும் கிட்டத்தட்ட 300 கூடுச்சு. யூரோவை ரூபாயில பெருக்கிப் பாத்துட்டு வராதீங்க. வாடகையில பாதி போயிரும்.

4. விசா அப்ளிகேஷன்

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு சென்னை ஜெர்மன் கான்சுலேட். அப்ளிகேஷனை இப்ப ஆன்லைன் போர்ட்டல்ல ஏத்தலாம், அவங்க பாத்து சரின்னா அப்பாயின்ட்மென்ட், அன்னைக்கு ஒரிஜினல் எல்லாம் எடுத்துட்டுப் போய் கைரேகை வைக்கணும். ஃபீஸ் 75 யூரோ, 18 வயசுக்குக் கீழ பாதி, ரூபாயில கட்டுவோம். அது போக சர்வீஸ் சார்ஜ் தனி.

ஃபைல்ல இருந்தது: பாஸ்போர்ட், போட்டோ, நானும் கம்பெனியும் கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட், கம்பெனி நிரப்பித் தர வேண்டிய வேலை விவர ஃபார்ம், டிகிரி, அனாபின் பிரிண்ட், பயோடேட்டா, இன்சூரன்ஸ். கம்பெனி ஃபார்ம்தான் லேட் ஆகும், ஹெச்ஆரை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்டுட்டே இருங்க, கூச்சப்படாதீங்க.

இன்சூரன்ஸ்ல ஒரு ஓட்டை இருக்கு. கம்பெனி மூலமா வர்ற ஹெல்த் இன்சூரன்ஸ் வேலை தொடங்குற தேதில இருந்துதான் ஆரம்பிக்கும். நீங்க பத்து நாள் முன்னாடி இறங்குனா அந்தப் பத்து நாளுக்குத் தனியா டிராவல் இன்சூரன்ஸ் வேணும். டிக்கெட் தேதிக்கும் வேலை தேதிக்கும் நடுவுல ஒரு நாள் கூட விடுபடக் கூடாது.

அவசரம்னா கம்பெனி அங்கிருந்தே ஃபாஸ்ட் ட்ராக் போடலாம், அரசாங்க ஃபீஸ் 411 யூரோ. பெரிய கம்பெனின்னா கேட்டாலே கட்டிருவாங்க. என் கம்பெனி சின்னது, கட்டல, நான் காத்துக்கிட்டிருந்தேன், ஏழு வாரம் ஆச்சு. நோட்டீஸ் பீரியட் ரெண்டு மூணு மாசம் இருக்குறவங்க ரிஸைன் பண்றதை விசா கைக்கு வந்ததும் வச்சுக்குங்க, ஹெச்ஆர் கிட்ட ஆரம்பத்துலயே இதைப் பேசி சேரும் தேதியைத் தள்ளி வாங்கிருங்க.

5. குடும்பத்துக்கான பேப்பர், அப்போஸ்டில்ல ஏமாறாதீங்க

கல்யாணம் கோயில்ல நடந்துச்சா மண்டபத்துல நடந்துச்சான்றது பிரச்சனை இல்ல, ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும், விட்டா அடுத்த 60 நாள் தாமதக் கட்டணத்தோட. நிறைய பேர் பண்ணாமலே விட்டிருப்போம். அப்படின்னா சப்-ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல போய் என்ன வழின்னு இப்பவே கேளுங்க, விசாவுக்கு முந்தின வாரம் போனா வேலைக்காகாது. சர்டிபிகேட்ல மனைவி பேரு அவங்க பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து வரணும், ஸ்பெல்லிங்கை அங்கயே நின்னு சரிபாருங்க.

நான் ஏமாந்த கதை. "வெளிநாடுன்னா அப்போஸ்டில் கட்டாயம் சார்"னு (சர்டிபிகேட் உண்மைதான்னு வெளிநாட்டுக்காக அரசாங்கம் ஒட்டுற ஸ்டிக்கர்) ஒரு ஏஜென்ட் சொல்ல, கல்யாண சர்டிபிகேட், பொண்ணோட பர்த் சர்டிபிகேட், என் டிகிரி மூணுக்கும் சேத்து 9,000 ரூபா குடுத்தேன். பின்னாடி தெரிஞ்சுது, இந்தியா போடுற அப்போஸ்டிலை ஜெர்மனி ஏத்துக்கிறதே இல்ல. இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேர்ந்தப்பவே ஜெர்மனி ஆட்சேபம் சொல்லிருச்சு. பேப்பர்ல சந்தேகம் வந்தா அவங்களே ஊர்ல ஆள் வச்சு விசாரிப்பாங்க, அதுக்கு நம்மகிட்ட காசு கேப்பாங்க, அவ்வளவுதான். மூணு ஸ்டிக்கரும் அழகா மின்னிட்டு இன்னும் ஃபைல்ல இருக்கு.

நல்ல சேதி, புளூ கார்டுக்காரங்க மனைவிக்கோ கணவருக்கோ ஜெர்மன் ஏ1 பரீட்சை (மொழியில ஆரம்ப நிலை) கட்டாயமில்ல. ஆனா மொழி தெரியாம பகல் பூரா வீட்டுல இருக்கப் போறது அவங்கதான், நீங்க இல்ல. முடிஞ்சா ஊர்லயே படிச்சுட்டு வரச் சொல்லுங்க.

தமிழ்ல இருக்குற பர்த் சர்டிபிகேட்டா இருந்தா ஆங்கிலத்துலயும் ஒண்ணு வாங்கிருங்க. இங்க வந்து சில ஆபீஸ் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேக்கும், அதை இங்க அரசாங்கத்துல பதிவு பண்ண மொழிபெயர்ப்பாளர்தான் செய்யணும்.

6. ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி

சிம் கார்டு. இதை முதல்ல சொல்லணும், ஏன்னா பேங்க், ஆதார், பிஎஃப், இன்கம் டாக்ஸ் எல்லாம் ஓடிபில ஓடுது. ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு பாத்து, அந்த சிம்முக்கு இன்டர்நேஷனல் ரோமிங்கை ஊர்லயே ஆன் பண்ணிட்டு, ரீசார்ஜ் செத்துப் போகாம வீட்டுல யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க. நான் ரோமிங் ஆன் பண்ணாம வந்து, ஆன் பண்றதுக்கு ஓடிபி கேட்டு, அந்த ஓடிபி வராம... சிரிக்காதீங்க, மூணு வாரம் என் காசை என்னால தொட முடியல.

பேங்க்ல போய் சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா (வெளிநாட்டுல இருக்குறவங்க ஊர் வருமானத்துக்கு வச்சுக்கிற அக்கவுண்ட்) மாத்தணும், இது விதி, அப்படியே விடக் கூடாது. இங்க சம்பாதிச்சு அனுப்புறதுக்கு என்ஆர்இ அக்கவுண்ட் தனி. விசாவும் கான்ட்ராக்டும் காட்டினா கிளம்புறதுக்கு முன்னாடியே எதெதை ஆரம்பிச்சு வைக்கலாம்னு உங்க பேங்க்ல கேளுங்க, வந்தப்புறம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் கூரியர்தான்.

இடம், வீடு, லோன்னு ஏதாவது இருந்தா அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர் எழுதிக் குடுத்துட்டு வாங்க, ஊர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பாதி நாள் வேலை. அதையே இங்கிருந்து செய்யணும்னா நான் மியூனிக்ல இருக்குற இந்தியன் கான்சுலேட்டுக்கு லீவு போட்டுப் போகணும், அங்க அட்டெஸ்ட் பண்ணி ஊருக்கு அனுப்பி, அங்க திரும்ப ஸ்டாம்ப் டூட்டி கட்டி செல்லத்தக்கதா மாத்தணும்.

பல்லு, கண்ணாடி ரெண்டையும் ஊர்ல முடிச்சிருங்க. தினமும் போடுற மாத்திரை இருந்தா அதிகபட்சம் மூணு மாசத்துக்கு, டாக்டர் சீட்டோட, சீட்டுல பிராண்ட் பேரு இல்லாம மருந்துப் பேரு இருக்கணும்.

7. பெட்டி கட்டுறது

இதைப் பத்தி மட்டும் தனியா எழுதலாம், அம்மாக்களோட சண்டை போட வேண்டிய இடம்.

ஐரோப்பாவுக்குள்ள கறியும் பால் சம்பந்தப்பட்டதும் கொண்டு வரக் கூடாது. அப்படின்னா நெய் கிடையாது, பால்கோவா கிடையாது. எனக்கு முன்னாடி வந்த ஒரு ஃப்ரெண்டு கிட்ட ஏர்போர்ட்ல ரெண்டு கிலோ நெய்யை எடுத்து அவன் கண்ணு முன்னாடியே தொட்டியில போட்டாங்க, அவங்கம்மா உருக்குன நெய், இன்னும் அவங்ககிட்ட அதைச் சொல்லல அவன். கருவாடுக்குத் தடை இல்ல, மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விடுறாங்க (பக்கத்து சீட்டுக்காரருக்காகவாவது நல்லா பேக் பண்ணுங்க). பச்சைக் கறிவேப்பிலை கூடாது, மாம்பழம் கூடாது, சர்டிபிகேட் இல்லாம பழம் காய் எதுவும் கூடாது, விதிவிலக்கு வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன்னு அஞ்சுதான். பொடி, ஊறுகாய், வத்தல், அப்பளம், புளி எல்லாம் தாராளமா.

கரண்ட் ரெண்டு ஊர்லயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், ரைஸ் குக்கர் எல்லாம் அப்படியே ஓடும், பிளக் மட்டும் வேற. பெரிய ஜாமான்களுக்கு நல்ல தடிமனான அடாப்டர் வாங்குங்க, பத்து ரூபா அடாப்டர்ல கிரைண்டர் ஓட்டாதீங்க. நான் கிரைண்டரை எடுத்துட்டு வரல, இப்ப வருத்தப்படுறேன்.

கையில 10,000 யூரோவும் அதுக்கு மேலயும் பணமா இருந்தா கஸ்டம்ஸ்ல சொல்லணும். அவ்வளவு யார்கிட்ட இருக்கு, சரி, தெரிஞ்சு வச்சுக்குங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கைப்பையில, செக்-இன் பெட்டில போட்டுறாதீங்க.

8. முதல் வீடு, ஆன்மெல்டுங்

இறங்குன உடனே உங்களுக்கு வேண்டியது நல்ல வீடு இல்ல, பதிவு பண்ண விடுற வீடு. ஆன்மெல்டுங்னா நான் இந்த அட்ரஸ்ல இருக்கேன்னு டவுன் ஆபீஸ்ல பதிவு பண்றது, குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள செய்யணும். அதுக்கு வீட்டுக்காரர் "இவர் என் வீட்டுல குடியிருக்காரு"ன்னு கையெழுத்துப் போட்ட ஒரு ஃபார்ம் கட்டாயம். அந்தப் பேப்பர் இல்லாம வரி நம்பர் இல்ல, பல பேங்க்ல அக்கவுண்ட் இல்ல, ரெசிடன்ஸ் கார்டும் நகராது. அதனால ரூம் புக் பண்றப்ப கேக்க வேண்டிய முதல் கேள்வி "ஆன்மெல்டுங் பண்ண முடியுமா?" வாடகை ரெண்டாவது. மாசம் 100 யூரோ கம்மின்னு பதிவு பண்ண விடாத ரூமைப் பிடிச்ச ஒருத்தர், ரெண்டாவது மாசமே வேற ரூம் தேடிட்டிருந்தாரு.

அப்பாயின்ட்மென்ட் ரெண்டு வாரத்துக்குள்ள கிடைக்கலைன்னு பயப்படாதீங்க, புக் பண்ணதுக்கான மெயிலை வச்சுக்குங்க. காலையில ஆபீஸ் திறக்குற நேரத்துல வெப்சைட்டை ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தா கேன்சல் ஆன ஸ்லாட் விழும், எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.

ஊர்ல இருந்தே வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. "நான் இப்ப வெளிநாட்டுல இருக்கேன், டெபாசிட் போட்டா சாவியை பார்சல்ல அனுப்புறேன்"னு வர்ற மெயில் நூத்துக்கு நூறு திருட்டு. போட்டோல வீடு எவ்வளவு அழகா இருக்கோ அவ்வளவு திருட்டு.

9. தபால் பெட்டில பேரு

இதை ஒரு ஸ்டெப்பா யாரும் எனக்குச் சொல்லல. இங்க தபால்காரர் வீட்டு நம்பர் பாத்துப் போட மாட்டாரு, ஒரே கட்டடத்துல இருபது வீடு, பெட்டி மேல ஒட்டியிருக்குற குடும்பப் பேரைப் பாத்துத்தான் போடுவாரு. பேரு இல்லைன்னா லெட்டர் வந்த வழியே திரும்பிரும்.

வரி நம்பர் 11 இலக்கம், பதிவு பண்ணி ரெண்டு மூணு வாரத்துல தபால்ல வரும். எனக்கு அஞ்சு வாரமா வரல. நான் வாடகைக்கு எடுத்தது ஒரு அம்மாவோட வீட்டுல ஒரு ரூம், பெட்டி மேல அவங்க பேரு மட்டும்தான். முதல் மாசச் சம்பளம் ஆறாவது வரி வகுப்புல பிடிச்சுட்டாங்க, அதுதான் இருக்குறதுலயே அதிகமா பிடிக்கிற வகுப்பு, பின்னாடி திரும்ப வந்துருச்சுன்னாலும் அந்த மாசம் மூச்சு முட்டிருச்சு. கடைசில பாஸ்போர்ட்டும் ஆன்மெல்டுங் பேப்பரும் எடுத்துட்டு நேரா வரி ஆபீஸுக்குப் போனேன், பத்து நிமிஷத்துல நம்பரை பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டாங்க. உங்களுக்கும் மூணு வாரத்துல வரலைன்னா அதையே செய்யுங்க.

அப்பவாவது புத்தி வந்திருக்கணும். ஆகஸ்ட்ல குடும்பம் வந்து தனி வீடு, பெட்டி மேல பெருமையா "முருகேசன்"னு ஒட்டுனேன். மனைவியோட இன்சூரன்ஸ் கார்டு வரல. போன் பண்ணிக் கேட்டா "அனுப்புனோம், அந்த அட்ரஸ்ல அப்படி ஒருத்தர் இல்லைன்னு திரும்பிருச்சு." அவங்க குடும்பப் பேரு அவங்கப்பா பேருல்ல! ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்துல மூணு குடும்பப் பேரையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டுனேன், காலிங் பெல்லுக்கும் அதே. கீழ்வீட்டுத் தாத்தா நின்னு படிச்சுப் பாத்துட்டு எத்தனை குடும்பம் இருக்கீங்கன்னு கேட்டாரு. கார்டு அடுத்த வாரம் வந்துச்சு.

ரூம்ல தங்குறவங்க வீட்டுக்காரர் கிட்ட கேட்டு உங்க பேரையும் ஒட்டுங்க, ஒத்துக்கலைன்னா அட்ரஸ்ல "கேர் ஆஃப்"னு அவங்க பேரைச் சேத்து எல்லா இடத்துலயும் குடுங்க.

10. மாசாமாசம் போற காசு

ஹெல்த் இன்சூரன்ஸ் சம்பளத்துல பிடிப்பாங்க, பாதி கம்பெனி பாதி நாம. சம்பாதிக்காத மனைவி, குழந்தைங்க அரசு வகை இன்சூரன்ஸ்ல கூடுதல் காசு இல்லாம சேந்துக்கலாம். சம்பளம் கூட இருக்குறவங்களை (2026-ல வருஷத்துக்கு 77,400-க்கு மேல) பிரைவேட்டுக்கு வாங்கன்னு ஏஜென்ட் கூப்பிடுவான், தனி ஆளுக்கு மலிவாத் தெரியும், குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா கட்டணும், அரசு வகைக்குத் திரும்பி வர்றதும் சுலபமில்ல. குடும்பஸ்தங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

டிவியே இல்லைன்னாலும் ரேடியோ டிவி கட்டணம்னு மாசம் 18.36 யூரோ கேட்டு லெட்டர் வரும். நான் ஃபிராடுன்னு நினைச்சு ரெண்டு லெட்டரைக் கிழிச்சுப் போட்டேன், மூணாவதுல ஃபைன் சேத்து வந்துச்சு. உண்மையான கட்டணம்தான், ஆனா வீட்டுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு இல்ல. ரூம்மேட் யாராவது கட்டிட்டிருந்தா அவங்க நம்பரைக் குடுத்தா போதும்.

நாடு பூரா பஸ், டிராம், சாதாரண ட்ரெயினுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட், மாசத்துக்கு, 2026 ஜனவரில இருந்து 63 யூரோ. வேண்டாம்னா அந்த மாசம் 10-ம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணணும், இல்லைன்னா அடுத்த மாசமும் எடுத்துருவாங்க. இங்க எந்த சந்தாவையும் ஆரம்பிக்கிறப்பவே கேன்சல் தேதியை காலண்டர்ல போட்டு வைங்க.

வர்ற காசும் உண்டு. குழந்தைக்கு மாசம் 259 யூரோ கிண்டர்கெல்ட், 2026 கணக்கு. குழந்தையோட வரி நம்பர் வேணும், அது குழந்தை பேருக்கே லெட்டரா வரும், தபால் பெட்டி ஞாபகம் இருக்கட்டும். ஆறு மாசம் வரைக்கும் பின்னோக்கிக் கிடைக்கும், அதுக்கு மேல விட்டது விட்டதுதான்.

11. ரெசிடன்ஸ் கார்டு

விசா சில மாசத்துக்குத்தான், அது முடியுறதுக்குள்ள ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல புளூ கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கணும். ஆன்மெல்டுங் முடிஞ்ச அன்னைக்கே அப்ளை பண்ணுங்க, பெரிய ஊர்கள்ல அப்பாயின்ட்மென்ட்டுக்கே மாசக்கணக்கு. ஃபீஸ் 100 யூரோ. ஊர்ல இருந்து போட்டோ பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வர்றது வீண், 2025 மே மாசத்துல இருந்து டிஜிட்டல் போட்டோதான், ஆபீஸ்லயே மிஷின் இருந்தா 6 யூரோல முடிஞ்சிரும். கைரேகை வச்சப்புறம் கார்டு அச்சாகி வர இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம்.

விசா முடியப் போகுது, கார்டு வரலைன்னா இடைக்காலப் பேப்பர் ஒண்ணு தருவாங்க. அதை வச்சு ஊருக்குப் போயிட்டு வரலாமான்றது பேப்பர்ல எந்தப் பிரிவுல டிக் போட்டிருக்காங்கன்றதைப் பொறுத்தது. குடியிருப்புச் சட்டத்துல 81-வது பிரிவு, நாலாவது உட்பிரிவுன்னா போயிட்டு வரலாம், மூணாவதுன்னா வெளிய போனா அதை வச்சுத் திரும்ப வர முடியாது. தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு டிக்கைப் பாருங்க.

முதல் ஒரு வருஷத்துக்குள்ள கம்பெனி மாறுனா அந்த ஆபீஸுக்கு சொல்லணும். நிரந்தரக் குடியிருப்புக்கு ஜெர்மன் பி1 (மொழியில நடு நிலை) இருந்தா 21 மாசம், ஏ1 மட்டும்னா 27. அந்த ஆறு மாசத்துக்காகவே நான் இப்ப சனிக்கிழமை கிளாஸ் போயிட்டிருக்கேன்.

12. சொந்தமா வாடகை வீடு

விளம்பரத்துல ரெண்டு வாடகை இருக்கும், கால்ட்னா வெறும் வீடு, வார்ம்னா ஹீட்டர், தண்ணி, குப்பை சேத்து. கரண்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் ரெண்டுலயும் வராது. அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு கால்ட் வாடகை, அதையும் மூணு தவணையா கட்ட சட்டத்துல உரிமை இருக்கு, பல பேருக்குத் தெரியாது. வீடு பாக்கப் போறப்ப சமையலறை கூட வருமான்னு கேளுங்க. வராதுன்னா சிங்க், அடுப்பு, அலமாரி எதுவும் இருக்காது, சுவத்துல ரெண்டு பைப் நீட்டிட்டிருக்கும், அதை நீங்க வாங்கி மாட்டணும்.

மூணு மாச சம்பள ஸ்லிப், ஷூஃபான்ற கடன் ரிப்போர்ட், பாஸ்போர்ட், கான்ட்ராக்ட் எல்லாம் ஒரே பிடிஎஃப்பா போன்ல வச்சிருங்க, வீடு பாத்த அன்னைக்கே அனுப்புறவனுக்குத்தான் கிடைக்கும். நான் நாப்பது இடத்துக்கு மெசேஜ் போட்டு, ஆறு வீடு பாத்து, ஒண்ணு கிடைச்சுது. அதுவும் பக்கத்துத் தமிழ்க் கடை அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமா இங்க இருக்காரு, அவர் சொல்லிவிட்டு வந்தது. உங்க ஊர்லயும் அப்படி ஒரு கடை இருக்கும், பச்சரிசியும் கறிவேப்பிலையும் வாங்கப் போறப்ப பேச்சுக் குடுங்க, நீங்க வந்திருக்கிறது தெரியட்டும்.

13. டிரைவிங் லைசன்ஸ்

நம்ம லைசன்ஸ் இங்க குடிவந்து ஆறு மாசம் வரைக்கும்தான். ஆர்டிஓல 1,000 ரூபா கட்டி வாங்குற இன்டர்நேஷனல் பெர்மிட்ல ஒரு வருஷம்னு போட்டிருந்தாலும் இங்க கணக்கு ஆறு மாசமேதான். அதுக்கப்புறம் ஓட்டுனா லைசன்ஸ் இல்லாம ஓட்டுன கேஸ். தியரி, ரோடு டெஸ்ட் ரெண்டும் திரும்ப எழுதணும், கிளாஸ் இத்தனை மணி நேரம் போயே ஆகணும்ன்ற கட்டாயம் மட்டும் நமக்கு இல்ல. ஊர் லைசன்ஸோட மொழிபெயர்ப்பு, கண் டெஸ்ட், முதலுதவி கிளாஸ் சர்டிபிகேட் கேப்பாங்க. தியரி ஆங்கிலத்துல எழுதலாம், தமிழ்ல இல்ல.

கோயம்புத்தூர்ல பதினோரு வருஷம் கார் ஓட்டிட்டேன், ரோடு டெஸ்ட்டுக்கு நாலு கிளாஸ் போதும்னு நினைச்சேன். முதல் கிளாஸ்ல இன்ஸ்ட்ரக்டர் அரை மணி நேரத்துல ஏழு தடவை பிரேக்கை அவரே மிதிச்சாரு. வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும்ன்றது இன்னும் காலுக்குப் பழகல. இப்ப பன்னெண்டு கிளாஸ் ஆச்சு, டெஸ்ட் வர்ற மாசம்.